அந்தரத்தில் ஐந்து பேர்

கண்காட்சிச் சுவரில் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த அட்டையில் அப்பாவின் பெயர். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடற்கரையில் நவீன நடனக் குழு. ஆணும் பெண்ணுமாய் ஐந்து பேர், வெறுங்கால்களோடு, ஒரே தாவலில் அந்தரத்தில். அரை நூற்றாண்டுப் பழைய படம். ஒரு விரல்கூடக் கலங்கவில்லை.

"இது எங்கம்மா எடுத்தது" என்றேன், பக்கத்தில் நின்ற அம்மாவைக் காட்டி.

படத்தின் பின்னால் அப்பாவின் ஸ்டுடியோ முத்திரை இருக்கிறதே என்றார் பொறுப்பாளர்.

இருக்கும். எங்கள் ஸ்டுடியோவில் யார் எடுத்தாலும் அதைத்தான் குத்துவார்கள். அன்றைக்கு அப்பா ஒரு கல்யாண ஆர்டருக்குப் போய்விட்டார். கேமராவைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடியவள் அம்மா. சாட்சி சொல்ல இப்போது அப்பாவும் இல்லை.

"நம்பாம இல்ல மேடம். ஏதாவது ஆதாரம் இருந்தா இப்பவே பேரை மாத்திடலாம்."

நல்ல மனிதர்தான். ஆனாலும் என் வாய் நிற்கவில்லை, சண்டைக்கே போய்விட்டேன். அம்மா என் கையைப் பிடித்து அடக்கினாள்.

"ஃபிரேமைப் பிரிங்க தம்பி. அடியில எதையோ மறைச்சிருக்கீங்க."

எடுத்தவரின் நிழல் படத்துக்குள் விழுந்திருந்ததாம். பார்க்க நன்றாக இல்லை என்று வெள்ளை அட்டை வைத்து மூடிவிட்டார்களாம். அசடுவழிய அதை நீக்கினார்.

சாய்வெயிலில், மணலில், பக்கவாட்டில் நீண்ட நிழல். மேலிருந்து குனிந்து பார்க்கிற பெட்டிக் கேமரா. குனிந்த தலையிலிருந்து தொங்கும் கனத்த பின்னல்.

அப்பாவுக்கு அப்போதே வழுக்கை.

பொறுப்பாளர் பழைய அட்டையைக் கிழித்தார். அம்மாவின் பெயரைக் கேட்டு, கொட்டை எழுத்தில் எழுதி, தன் கையாலேயே ஒட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏணிமேல் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, "பாருங்க, எங்கம்மா பேரு!" என்றேன். அம்மா மட்டும் எதுவும் நடக்காததுபோல் முந்தானையால் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கை கொஞ்சம்கூட ஆடலையேம்மா. ஸ்டாண்டு வச்சு எடுத்தீங்களா?" என்று கேட்டார் பொறுப்பாளர்.

அம்மா நிழலின் இடுப்புப் பக்கம் விரலை வைத்தாள். அங்கே நன்றாக மேடிட்ட வயிறு. கேமரா அதன்மேல் வசதியாக உட்கார்ந்திருந்தது.

"ஸ்டாண்டுதானே? இதோ நிக்கிறாளே" என்று என்னைக் காட்டினாள்.