உப்பில்லை

கடைவாய்ப்பல்லைப் பிடுங்கும்போது டாக்டர் நரம்பையும் சேர்த்து அறுத்துவிட்டார். தினகரின் நாக்கில் ருசியே செத்துப்போனது. மனைவி சௌமியாவோடு போய் நஷ்டஈடு கணிக்கும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார்.

“இவ வைக்கிற வத்தக்குழம்பு அமிர்தம்ங்க. அதையே பறிகொடுத்துட்டேன்!”

சௌமியா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

அவர்கள் சாப்பாட்டு மேஜை பதிவுசெய்திருந்த இருபத்தாறு வருஷப் பேச்சையும் இயந்திரம் ஒரே நொடியில் கேட்டு முடித்தது.

“‘உப்பில்லை’ என்று நாலாயிரத்து இருநூறு தடவை சொல்லியிருக்கிறீர்கள். ‘நல்லாயிருக்கு’ என்று ஒரு தடவைகூட இல்லை. ஆகவே நீங்கள் எதையும் இழக்கவில்லை. நஷ்டஈடு பூஜ்யம்.”

வீட்டுக்கு வந்ததும் சௌமியா வத்தக்குழம்பு பரிமாறினாள். தினகர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “நல்லாயிருக்கு சௌமி” என்றார்.

“இன்னிக்கு உப்பே போடலை” என்றபடி இன்னொரு கரண்டி ஊற்றினாள்.