யார் முதலில் ஏறுவது?

தண்ணீருக்குள் நடந்தால் கால் வீக்கம் வடியும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, நாகலக்ஷ்மி செம்பூர் நீச்சல்குளத்துக்கு வருகிறாள். லேடீஸ் பேட்சில் முதல் ஆளாக இறங்குவாள். எல்லோரும் போன பிறகுதான் ஏறுவாள்.

இன்று அவளுக்கும் முன்பே, தாராவியிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஆஸியா இறங்கியிருந்தாள். மற்றவர்கள் போயும் அவள் ஏறவில்லை.

"நீ போம்மா" என்றாள் நாகலக்ஷ்மி.

"நீங்க ஏறுங்கக்கா. நான் பொறவு வாரேன்."

புர்கா போடுகிறவள், கூச்சப்படுகிறாள் என்று நினைத்தாள் நாகலக்ஷ்மி. "எல்லாரும் பொம்மனாட்டிகள்தானே, என்ன வெக்கம்?"

"அப்ப நீங்க ஏறுங்களேன்."

நேரம் முடிந்ததென்று விசில் ஊதினார்கள். நாகலக்ஷ்மி அவள் பக்கம் நகர்ந்தாள். "என் கால் யானைக்கால் மாதிரி இருக்கும்மா. பார்த்துப் பயந்துடாதே."

ஆஸியா அவளையே பார்த்தாள். பிறகு படியேறினாள். நனைந்த உடுப்புக்குள் பிதுங்கிக்கொண்டு, தூணாக வீங்கியிருந்தது அவளுடைய இடது கால்.

"கையக் குடுங்கக்கா" என்று குனிந்தாள்.