ஞாயிற்றுக்கிழமைப் புல்

"ஓய்வுநாளும் அதுவுமா உன் புருஷன் வண்டி நிறையப் புல் ஏத்திக்கிட்டுப் போறாரு பாரு, அகாத்தா! நீ இங்க பாட்டுப் பாடிக்கிட்டிருக்கே!"

ஆராதனை முடிந்து வாசலில் நின்ற சனம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள் மரியா. கிர்கிஸ்தான் மலையடிவாரத்தின் அந்த ஜெர்மன் கிராமத்தில், ஞாயிற்றுக்கிழமை கோடாரியைத் தொட்டாலே ஊர் வாயில் விழவேண்டும்.

போதகர் கெர்ஹார்ட் தெருவில் இறங்கி வண்டியை மறித்தார். மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

"கீழ இறங்கு, கொர்னேலியுஸ்! மழைக்குப் பயந்து கட்டளையை மீறலாமா? குளிர்காலத்துல உன் மாட்டுக்குத் தீனி போடக் கர்த்தருக்குத் தெரியாதா?"

கொர்னேலியுஸ் தொப்பியைக் கழற்றினார். அகாத்தாதான் முன்னே வந்தாள்.

"காலையில இவரும் இதையேதான் சொன்னாரு, ஐயா. இது நம்ம பக்கத்து வீட்டு டொக்டோபெக்கோட புல். அவரு குதிரையிலருந்து விழுந்து கால் ஒடிஞ்சு படுத்திருக்காரு. பிள்ளைங்க ரெண்டும் ரஷ்யாவுல. காய்ஞ்ச புல் மழையில நனைஞ்சு அழுகிட்டா, குளிர்காலத்துல அந்த மாடுங்க எதைத் திங்கும்?"

போதகரின் குரல் இறங்கியது. "அப்ப உங்க புல்?"

அவள் வாய்க்காலுக்கு அப்பால் கை காட்டினாள். அங்கே அவர்கள் அறுத்துக் காயப்போட்ட புல் வரிசை வரிசையாகக் கிடந்தது. அதன்மேல் தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

"அதை இன்னிக்குத் தொடமாட்டேன்னுட்டாரு," என்றாள் அகாத்தா, மரியாவுக்கும் நன்றாகக் கேட்கும்படி. "கட்டளையாச்சே!"