வாசற்படி வரை

மேகொங் ஆறு தன் கரைகளை மறந்து வயல்களின்மேல் துயின்றிருந்த வெள்ளக் காலம். வரப்புகள் நீருள் அமிழ்ந்திருக்க, மஞ்சள் பூத்த செம்பை மரங்களின் நிழல் அசைந்தும் அசையாமலும் மிதந்தது. வானும் நீரும் ஒரே சாம்பல் நிறம் பூண்டு மௌனம் காத்தன.

அந்நீரின்மேல் மருத்துவமனைப் படகு சென்றுகொண்டிருந்தது.

நடுவே லியென் கிடந்தாள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இளம் மருத்துவர் துயெத் தலைமாட்டில் மண்டியிட்டு, முகமூடியில் பொருத்திய ரப்பர்ப் பையை அமுக்கி அமுக்கி மூச்சு ஊட்டினாள்.

அருகே அமர்ந்திருந்த கணவர் ஹுவானுக்கு ஒரே கவலைதான். வெளியே உயிர் நீத்தவரை அவ்வூரில் வாசற்படி தாண்டி உள்ளே எடுப்பதில்லை. முற்றத்துப் பந்தலோடு சரி. நாற்பத்தாறு ஆண்டுகள் அவள் விளக்கேற்றிய வீடு அது.

வழியில் உயிர் பிரிந்தால் அங்கேயே பை அமுக்குவதை நிறுத்தி, மரணத்தை அறிவித்துவிட வேண்டும் என்பது சட்டம். அதற்கு அவர் கையொப்பமும் இட்டிருந்தார்.

"ஏ கிழவி, பாதியிலயே தூங்கிடாதே. உன் வாத்துங்களோட என்னால மல்லுக்கட்ட முடியாது," என்றார் அவள் காதருகே.

புத்தர் கோயில் வளைவில் துயெத் ஒருமுறை லியெனின் கழுத்தில் விரல் வைத்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். படகோட்டி திரும்பினான்.

"நீங்க ஓட்டுங்கண்ணே," என்றாள். பையை விடவில்லை.

வீடு வந்தது. காத்திருந்த மகன்கள் லியெனைத் தூக்க, பையை அமுக்கியபடியே துயெத்தும் உடன் நடந்து வாசற்படியைத் தாண்டினாள். முன்னோர் படங்களின் எதிரே கட்டிலில் கிடத்திய பின்னரே முகமூடியை எடுத்துத் தலை குனிந்தாள்.

அழுகை எழுந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து.

துயெத் சான்றிதழை எழுதி, இரு கைகளாலும் ஹுவானிடம் தந்தாள்.

உயிர் பிரிந்த நேரம்: நான்கு மணி பதினெட்டு நிமிடம்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் கண்களைத் தாழ்த்தவில்லை.

"என்னண்ணா எழுதியிருக்கு?" என்று அவர் தம்பி எட்டிப் பார்த்தார்.

"உன் அண்ணி பேரு. பிழையில்லாம எழுதியிருக்காங்க."

தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். நெஞ்சு நிறைந்திருந்தது. மூன்று ஊதுபத்திகளைக் கொளுத்தி, முன்னோர் முன் மும்முறை வணங்கி, மணல் கிண்ணத்தில் நட்டார்.

பிறகு துயெத்தின் கைகளைப் பற்றிக்கொண்டார்.

"நீ எந்த வீட்டுக்குப் போனாலும் கதவு திறந்தே இருக்கட்டும், மகளே."