ஒரு கிலோ இரும்பு

இன்றைக்கு அருள்நாதனைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று ஜோதி மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிட்டாள். அவள் புருஷன் அழகிரி செய்த நீர்மூழ்கிக்குள் கையை விட்டு, சீட்டுக்கு அடியில் அருள்நாதன் எதையோ ஒளித்து வைத்தான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு வைத்தான். நல்ல எண்ணம் இருக்கிறவன் எதற்குச் சுற்றும் முற்றும் பார்க்கிறான்?

அழகிரிக்குத் துவாக்குடியில் வெல்டர் வேலை. மூன்று வருஷ லீவு நாளையெல்லாம் கொட்டி, ஒரு ஆள் மட்டும் உட்காருகிற மாதிரி அந்த நீர்மூழ்கியைச் செய்திருந்தான். ஓட்டிப் பார்ப்பது உப்பிலியபுரத்தில், ஜோதியின் அண்ணன் வயல் கிணற்றில்.

"உம் புருஷன் கிணத்துக்குள்ள யாரைப் புடிக்கப் போறாரு, சைனாக்காரனையா?" என்று களையெடுக்க வந்தவர்கள் கேட்டுச் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். காவிரியில் தண்ணீர் வந்ததும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்கு நேரே இறங்கி, தண்ணீருக்குள் எத்தனை படி இருக்கிறது என்று எண்ணி வந்து சொல்வதாக அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

விளையாட்டுத்தனமாகச் செய்கிறவன் இல்லை. தன் எடைக்கு மணல் மூட்டையை உட்கார வைத்துப் பத்துத் தடவை இறக்கிப் பார்த்த பிறகுதான் தான் இறங்கினான். அவன் போட்ட சட்டம் இது: நீர்மூழ்கியைக் கட்டியிருக்கிற சங்கிலியை மேலே இருப்பவன் கழற்றவே கூடாது. உள்ளேயிருந்து ஒரு தட்டு என்றால் சுகம். இரண்டு தட்டு என்றால் தூக்கு. ஐந்து நிமிஷம் சத்தமே இல்லையென்றால் யாரையும் கேட்காமல் தூக்கு. எல்லாவற்றையும்விட, உருளுகிற சாமான் ஒன்றும் உள்ளே இருக்கக் கூடாது. கப்பல் சாய்ந்தால் அது ஒரு பக்கமாக ஓடி ஆளையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். மூன்று நாள் முன்னால்கூட, மூடி வாஷரை மாற்றவேண்டும் என்று வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தனியாக வந்து போனான்.

மேலே நின்று சங்கிலி பிடிக்கிறவன் அழகிரியின் சிநேகிதன் அருள்நாதன்தான். நீர்மூழ்கியைப் பற்றிப் பேப்பரில் போட்டபோது அழகிரி படம் மட்டும் வந்ததிலிருந்து அருள்நாதனின் முகம் சரியில்லை என்று ஜோதிக்கு ஒரு எண்ணம்.

அழகிரி அல்சர் மாத்திரை போட்டுக்கொள்ள அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தான். அருள்நாதன் சாப்பாட்டுப் பையிலிருந்து சாக்குத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தான். ஜோதி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். துணி அவிழ்ந்தது. உள்ளே இரும்புத் துண்டு.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"கையை விடு தங்கச்சி."

"உருளுற சாமான் உள்ள இருக்கக் கூடாதுன்னு உங்ககிட்டதானே அண்ணே படிச்சுப் படிச்சுச் சொன்னாரு? அவரு படம் வந்துச்சு, உங்க படம் வரலை. அதுக்கு ஆளையே முக்கிடுவீங்களா?"

அருள்நாதனுக்குக் கோபம் வரவில்லை. கிணற்று மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"இந்தக் கப்பலு அவன் எடைக்குன்னு செஞ்சது. எழுபது கிலோ. கப்பலுக்குள்ள இருக்கிற தொட்டியில தண்ணி ரொம்புனா இறங்கணும். பங்குனியில இருந்து இறங்க மாட்டேங்குது. ஒரு கிலோ இரும்பு போட்டேன், இறங்குச்சு. கொஞ்ச நாள் கழிச்சு அதுவும் பத்தலை. இதோட பன்னெண்டு."

ஜோதி அவன் கையை விட்டாள்.

"ஏன் இறங்கலைன்னு அவன் யோசிக்கக் கூடாது. அதான் ஒளிச்சு வைக்கிறேன். நீ எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை. கப்பல்தான் சொல்லுச்சு."

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அழகிரியின் ஸ்கேன் ரிப்போர்ட் அரிசி டப்பாவுக்கு அடியில் கிடந்தது. டாக்டர் விரலை மடக்கி, மிச்சமிருக்கிற மாசத்தை எண்ணிக் காட்டிய நாளிலிருந்து, வெறும் அல்சர்தான் என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவன் வேலைக்குப் போனதும் அவன் சட்டைகளை எடுத்து, தொளதொளவென்று தொங்கிக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று, விலாப் பக்கம் உள்வாங்கித் தைத்துவைக்கிறாள். அவள் நூலில் செய்ததை இந்த மனுஷன் இரும்பில் செய்திருக்கிறான்.

ஜோதி கையை நீட்டினாள்.

"குடுங்கண்ணே," என்றாள். "அவரு வர்றதுக்குள்ள நானே வச்சிடறேன்."

நீர்மூழ்கியின் வட்ட மூடியைத் திறந்து, குனிந்து கையை விட்டாள். சீட்டுக்கு அடியில் சாக்குத் துணி தட்டுப்படவில்லை. சில்லென்று தகரம் பட்டது.

"இங்க என்னண்ணே பெட்டி?"

"பெட்டியா? நான் எதுவும் வைக்கலையே."

புதுப் பெயிண்ட் வாசனை வந்தது. கப்பலோடு சேர்த்துப் போல்ட் போட்டு முடுக்கிய சின்னப் பெட்டி. கொக்கியைத் தள்ளி மூடியைத் திறந்தாள். உள்ளே பதினோரு துண்டும் ஒன்றோடொன்று உரசாமல், ஒவ்வொன்றும் ஒரு தடுப்புக்குள், அடியில் ரப்பர் போட்டு, வரிசையாக இருந்தன.

வரப்பில் அழகிரி வந்துகொண்டிருந்தான். நடுவில் ஒருதரம் நின்று, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி நடந்தான்.

"என்ன மாப்ளே, ரெடியா?"

"ரெடிடா," என்றான் அருள்நாதன். சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

ஜோதி பன்னிரண்டாவது துண்டை அடுத்த தடுப்பில் வைத்தாள். மூடப்போனவள், மீதியை எண்ணிப் பார்த்தாள்.

இன்னும் எட்டுத் துண்டுக்கு அழகிரி இடம் விட்டு வைத்திருந்தான்.