காதில் விழும் முதல் வார்த்தை

"முதல் வார்த்தை 'ஏசப்பா'தான். அதுல வேற பேச்சே கிடையாது," என்றாள் லூர்து அக்கா, காரின் முன்சீட்டில் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டே.

கிரணுக்கு அதில் சம்மதமில்லை. 'அம்மா'வைவிடப் பெரிய வார்த்தை உலகத்தில் உண்டா என்று கேட்டான். அம்மாவைக் கொடுத்தவரே அவர்தானே என்று அக்கா மடக்கினாள்.

ஒரு வாரமாக வீட்டில் இதே வழக்குதான். ஆபரேஷன் முடிந்து, தையலும் ஆறிவிட்டது. காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினை இன்றைக்குத்தான் ஆன் செய்யப்போகிறார்கள். அப்புறம் சத்தம் கேட்கும். அந்த முதல் சத்தம் எதுவாக இருக்க வேண்டும் என்பதில்தான் அக்காவுக்கும் தம்பிக்கும் ஒத்துவரவில்லை. வாடகைக் கார் ஓட்டும் கிரண் இன்று ஒரு சவாரியும் எடுக்கவில்லை. காலையில் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சாவியைத் தேடினான்.

பின்சீட்டில் அவன் மனைவி பிலோமியும் ஐந்து வயது மகள் ரோஷ்னியும் உட்கார்ந்திருந்தார்கள். குக்கரஹள்ளி ஏரி வந்ததும் ரோஷ்னி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டாள். ஏதோ பறவையைப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் சிறகாக அடித்து அம்மாவுக்குக் காட்டினாள். பிலோமி விரல்களை அலகாகக் குவித்து அவள் கன்னத்தைக் கொத்தினாள். அந்த வீட்டில் பேச்செல்லாம் கையால்தான். வண்டி ஓட்டும்போதும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் பேசப்போய், கிரண் போலீஸ்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிறான்.

ஆனால் இரவில் மட்டும் பிலோமி வாய் திறந்து பேசுவாள். விளக்கை அணைத்த பிறகு, கை தெரியாத இருட்டில், மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொல்வாள்: "ஆண்டவர் உன்ன நேசிக்கிறார்டி. அம்மாவும்தான்." ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

பதில் கேட்காத பேச்சை எதற்குத் தினமும் பேசுகிறாய் என்று கிரண் ஒருமுறை அவளிடம் கேட்டுவிட்டான். அவள் கோபப்படவில்லை.

"நாம பதில் சொன்ன பிறகா ஆண்டவர் நம்மள நேசிக்க ஆரம்பிச்சாரு? அவர்தானே முதல்ல," என்றாள்.

அந்தப் பதில் கிரணை உள்ளுக்குள் என்னவோ செய்தது. ரோஷ்னி வயிற்றில் இருந்தபோது பிலோமிக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. எல்லாம் அந்தக் காய்ச்சல் செய்த வேலை. அன்றிலிருந்து அவனுக்கும் கோயிலுக்கும் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தை மாதா கோயில் வாசலில் இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை வெளியே காரிலேயே கிடப்பான். இத்தனை வருடமாக ஒருவர் தன்னிடம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார், தான்தான் வாயைத் திறக்கவில்லை என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

இன்று காலை வழியில் கோயிலுக்குப் போனபோது, காரைப் பூட்டிவிட்டு அவனும் உள்ளே போனான். முழங்காலிட்டான். படித்த ஜெபம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "நானும்தான் ஆண்டவரே," என்று மட்டும் சொன்னான். எழுந்தபோது சின்னப்பிள்ளைபோல கோயில் படிகளில் குதித்து இறங்க வேண்டும்போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரத்துக்குள் லூர்து அக்கா வரிசையில் இருந்த அத்தனை பேரிடமும் விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டாள். அறிமுகமே இல்லாத ஒரு கன்னடத்து அம்மாள் எழுந்து வந்து கிரணின் கையைப் பிடித்து, ஒள்ளேதாகலி, நல்லதே நடக்கட்டும் என்றாள். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். மெஷின் பொருத்தும் சைத்ரா மேடம் எல்லோரையும் உட்காரவைத்து, எடுத்ததுமே நம் குரல்போலக் கேட்காது, தவளை கத்துவதுபோலக்கூட இருக்கலாம், பயந்துவிடாதீர்கள் என்று கையாலும் வாயாலும் விளக்கினாள். பிறகு மெஷினை மாட்டினாள். காந்தம் 'டப்'பென்று ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டரில் கோடுகள் ஏறி இறங்கின. சைத்ரா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"ஆயிட்டு. யாராவது ஒருத்தர் மாத்தாடுங்க, பேசுங்க. மெதுவா."

கிரண் வாயைத் திறந்தான். எந்த வார்த்தை என்று இன்னும் முடிவாகவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அக்காவைப் பார்த்தான். ஒரு வாரமாக 'ஏசப்பா' என்று சொல்லிப் பழகியிருந்த லூர்து அக்கா, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள்.

ரோஷ்னிதான் பாய்ந்து அம்மாவின் மடியில் ஏறினாள். பெற்ற நாளிலிருந்து மகளின் குரலை ஒருமுறைகூடக் கேட்டிராத பிலோமியின் காதுக்குப் பின்னால், அந்தப் புது மெஷினில் பச்சை விளக்கு மினுங்கியது. அதன் பக்கத்தில் வாயை வைத்து ரோஷ்னி கேட்டாள்:

"அம்மா, நீ இருட்டுல சொல்றப்பல்லாம் நானும் உனக்குத் தினமும் பதில் சொன்னேன்மா... இன்னிக்கு கேக்குதா?"