இரண்டு மணி நேர வெயில்

சர்க்கரை நோயாளி நெல்ஸுக்கு வைட்டமின் டியும் குறைவு. கனடாவின் வினிபெக் நகரில் கோடை முழுவதும் வெயிலில் இருக்கச் சொல்லியிருந்த டாக்டர், புதிய பரிசோதனை முடிவைப் பார்த்து விழித்தார்.

"சர்க்கரை நல்லா இறங்கியிருக்கு. வைட்டமின் டி மட்டும் ஏறவே இல்லையே?"

"தினமும் ரெண்டு மணி நேரம் பூங்காவுல வெயில் காயறாரே," என்றாள் மனைவி வெர்னா.

"இல்லம்மா. சர்க்கரை இறங்கியிருக்கிறதைப் பாத்தா, எங்கயோ நிழல்ல வேர்க்க வேர்க்க ஓடியாடறார்," என்றார் டாக்டர்.

வெர்னா கணவரை முறைத்தாள். "எங்க போறீங்க? யாரு அவ?"

"சர்ச் கீழ்த்தளத்துல நடன வகுப்பு," நெல்ஸ் தலைகுனிந்தார். "கல்யாணத்தன்னிக்கு ஆடும்போது உன் காலை மிதிச்சதை நாற்பது வருஷமா சொல்லிக் காட்டறியே. வர்ற கல்யாண நாளுக்குள்ள கத்துக்கலாம்னு..."

வெர்னா டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"இனிமே வெயில்ல ஆடட்டும், டாக்டர்," என்றாள். "மிதிபட நானே கூடப் போறேன்."